வார்டர் வேஷம்

கேட்டக்கா யாரையாவது கட்டிப்பிடித்தால், அவர்கள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பது நல்லது. அவள் கை இடுப்பில் தொடங்கும். கொசுவத்தை ஒருமுறை அமுக்கிப் பார்க்கும். முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்க்கும். முதுகு வழியாக மேலே ஏறி, கொண்டைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவிவிட்டு இறங்கும். என் கல்யாணத்தில் மேடையேறி வந்து, "நல்லா இரு ஆத்தா" என்று கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டபோதும் இது ஒன்று விடாமல் நடந்தது. மல்லிகைப் பந்துக்குள் போன விரல் நாலைந்து கொண்டை ஊசியோடுதான் வெளியே வந்தது. பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற என் வீட்டுக்காரர், "இந்தம்மா என்ன தேடுது?" என்று மெதுவாகக் கேட்டார். "ஏலக்காய்" என்றேன். கல்யாணத்தன்றைக்கே கிண்டலா என்பதுபோல் பார்த்தார்.

அவளுக்கு ஒரு பேர் இருந்தது. சம்பளத்துக்குக் கூப்பிடும்போது மட்டும் அது காதில் விழும். மறுபடி மறந்து போகும். போடியில் நான் காய் பொறுக்கப் போன ஏலக்காய் ஸ்டோரின் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், அதனால் கேட்டக்கா. மலையில் இருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயை நாங்கள் சொளகில் கொட்டி, பருங்காய் தனி, சிறுகாய் தனி, வெடித்த காய் தனி என்று பிரிப்போம். நாற்பது பெண்கள் இருந்தோம். ஏலக்காய் விலை ஏற ஏற முதலாளிக்கு எங்கள் மேல் சந்தேகமும் ஏறும். அதனால் சாயங்காலம் மணி அடித்ததும் வரிசையில் நின்று, முந்தானையை உதறி, தூக்குவாளியைத் திறந்து காட்டி, கடைசியாகக் கொண்டையை அவிழ்த்துத் தலையைக் குனிந்து முடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு கைப்பிடி காயை ஒளிக்க நல்ல கொண்டை ஒன்று போதும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

கேட்டு கம்பிக் கேட்டு. நேர் எதிரே ஒரு புரோட்டாக் கடை. சாயங்காலம் அங்கே டீ குடிக்க வருகிற ஆண்பிள்ளைகளுக்கு எங்கள் நாற்பது பேர் தலைமுடியும் மனப்பாடம். யாருக்கு நரைத்திருக்கிறது, யாருக்குச் சவுரி என்பதெல்லாம் அங்கே பேச்சாக ஓடும். எனக்கு எலிவால் என்ற பட்டப்பெயர் அந்தக் கடையில்தான் வைத்தார்கள். வீட்டில் புருஷன் முன்னால்கூட முடியை விரித்துப் போட்டு நிற்காதவர்கள் நாங்கள். தினமும் சாயங்காலம் ஒரு தெருவுக்கே விரித்துக் காட்டிவிட்டுப் பஸ்சுக்குப் போனோம்.

இந்தக் காலத்தில் கேமரா வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வைத்தார். காய்த் தூசி படிந்து, முதலாளியின் செல்போனில் நாங்கள் எல்லோரும் போடிமெட்டு மலைப் பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகத் தெரிந்தோம். மறுபடியும் கேட்டக்காவின் கைதான் கதி என்று விட்டுவிட்டார்.

அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் சோதனை என்ற பேரில் கத்துவார்களாம், இழுப்பார்களாம். கேட்டக்கா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. மடியைத் துழாவிக்கொண்டே, "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்பாள். கொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டே, "ஏன்டி இம்புட்டு முடி கொட்டுது, கறிவேப்பில சேத்துக்க" என்பாள். வாய் எங்கள் வீட்டு ஆளாக இருக்கும், கை முதலாளி வீட்டு ஆளாக இருக்கும். யாராவது முகத்தைச் சுளித்தால் ஒரே பதில்தான். "தப்பா எடுத்துக்காத ஆத்தா. நான் தேடல, கை தேடுது."

ஆள் பார்த்துத் தேடுகிற கை இல்லை அது. ஒருநாள் முதலாளியின் மாமியார் பட்டுப்புடவையோடு காரில் வந்து, ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கேட்டக்கா கதவைத் திறக்கவில்லை. "கொண்டைய மட்டும் கொஞ்சம் அவுத்துக் காட்டிருங்கம்மா" என்றாள். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் கொண்டை தானாகவே அவிழ்ந்துவிட்டது. முதலாளி ஓடி வந்து கும்பிட்டு அனுப்பி வைத்தார். கேட்டக்காவைத் திட்டுவார் என்று நாங்கள் சொளகைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவர் திட்டவில்லை. அந்த மாசம் அவளுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார். வேலையில் காட்டிய நேர்மைக்கு என்று சொன்னார், மாமியாரை அவிழ்க்க வைத்ததற்கு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவளுடைய தம்பி மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தான். அவன் மகளுக்குக் காதுகுத்து என்று கேட்டக்கா என்னையும் மும்தாஜையும் கூட்டிப் போனாள். மும்தாஜ் எனக்குப் பக்கத்துச் சொளகு. திரும்பி வருகையில் தம்பியும் எங்களோடு ஜீப்பில் மலையிறங்கினான், போடியில் சோலி இருப்பதாக. மலையடிவாரத்து முந்தல் சோதனைச்சாவடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். சின்னப் பையனாக ஒரு காவலர் வந்து எங்கள் பைகளை வெளியே இருந்தே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "போங்க போங்க" என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கேட்டக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். "ஏந்தம்பி, இப்படித் தட்டுனா உள்ள இருக்கறது எப்படித் தெரியும்? அடியில கைய விடணும். இங்க பாருங்க."

சொல்லிக்கொடுக்கிற ஆசையில், தம்பி ஏற்றியிருந்த பலாப்பழச் சாக்குக்கு அடியில் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது. இன்னொரு தடவை போனது, இன்னொன்று வந்தது. தம்பி வாயைத் திறந்து "அக்கா" என்று மட்டும் சொன்னான். அவனை அந்தக் காவலரிடம் விட்டுவிட்டு நாங்கள் போடிக்கு வந்தோம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் அவளோடு பேசவில்லை. அவள் எங்களிடம், "கூடப்பொறந்தவன்னு கைக்குத் தெரியுமாடி?" என்று நியாயம் கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தோம்.

பேச்சியம்மா விஷயத்தில் மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேச்சி எங்கள் ஸ்டோரில் வாய்க்காரி. பிள்ளைக்குப் பிறந்தநாள், பாயசத்துக்கு என்று ஒரு ஐந்தாறு காயைத் தலைக்குள் செருகிக்கொண்டாள். நாளெல்லாம் ஏலக்காய்க்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பாயசத்துக்கு ஏலக்காய் இல்லாமல் வீட்டுக்குப் போக யாருக்குத்தான் மனசு வரும்? கேட்டக்காவின் விரல் தொட்டுவிட்டது. தொட்டதும் கேட்டக்காவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். அழுதுகொண்டே காயை எடுத்தாள், அழுதுகொண்டே ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். முதலாளி பேச்சியை ஒரு மாசம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கேட்டக்கா பெரிய மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் ஏலக்காயைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பேச்சி வீட்டுக்குப் போனாள். பேச்சி அதை வாங்கித் தெருவில் கொட்டினாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

பேச்சி பேச்சை நிறுத்தியதும் மற்றவர்களும் அவளோடு பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். மத்தியானம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊற்றிக்கொண்டு, ஊர்க்கதை பேசிச் சாப்பிடுவோம். கேட்டக்கா அந்தப் பக்கம் வந்தால் பேச்சு அடங்கிவிடும். அவள் தண்ணீர் பிடிக்க வந்தவள்போல் குழாயைத் திறந்துவிட்டு, பிடிக்காமலேயே போய், ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். முந்தலில் ஒரு ஒற்றை அறை வீடு, புருஷன் செத்து ரொம்ப வருஷம், பிள்ளை இல்லை. அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அந்தச் சாயங்கால வரிசைதான். அந்தப் பத்து நிமிஷத்தில் நாற்பது வீட்டுச் சேதியையும் கேட்டுக்கொண்டு போவாள் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

நாடகம் வந்தது ஆயுத பூஜைக்கு. வழக்கமாக அன்றைக்குக் காய் சலிக்கும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்டோர் களத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி நடக்கும். அந்த வருஷம் பாட்டுக்காரர்கள் வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டார்கள். "நாங்களே ஒரு நாடகம் போடுறோம்" என்று பேச்சி ஆபீசில் போய்ச் சொன்னாள். அவள் வீட்டுக்காரன் வரப்புச் சண்டையில் சில மாசம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். பார்க்கப் போன கதையும் அவன் சொன்ன கதையும் சேர்த்துப் பேச்சியிடம் ஒரு மூட்டை இருந்தது. புழு நெளிகிற சோறு, பூட்டியே கிடக்கிற கக்கூஸ், காய்ச்சலில் கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததற்கு மற்ற கைதிகள் சாப்பிட மாட்டோம் என்று உட்கார்ந்தது. அதைப் பொம்பளை ஜெயிலாக மாற்றி நான் எழுதினேன். பட்டினிக்குப் பதிலாக, சோதனைக்குக் கொண்டையை அவிழ்க்க மாட்டோம் என்று கைதிகள் நிற்பதாக மாற்றியது பேச்சி. அதையும் எழுதினேன்.

"என்ன நாடகம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"ஜெயில் நாடகம் முதலாளி."

ஜெயில் என்றால் சுதந்திரப் போராட்டம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நாங்கள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. கடைசியில் ஏற்ற ஒரு தேசியக்கொடி வாங்கித் தருவதாகச் சொன்னார்.

வேஷம் பிரித்த அன்றைக்குக் கேட்டக்கா வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். "எனக்கும் ஒரு கைதி வேஷம் குடுங்கடி" என்றாள். "பேச்செல்லாம் வேணாம். கூட்டத்தோட கூட்டமா ஓரமா உக்காந்துக்கிறேன்."

பேச்சி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அவுக கைதியாப் போனா எங்கள யாரு தேடுறது? வார்டர் வேஷம்னு எழுதிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேட்டக்காவும் சிரித்தாள். "சரி, அதுவாச்சும் குடுத்தீகளே" என்றாள். அவள் ஆசைப்பட்டது வேஷத்துக்கு இல்லை, எங்களோடு ஒரு பாயில் உட்காருவதற்கு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒத்திகையில் அவள் எங்கள் உயிரை வாங்கினாள். லத்திக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்பு கொடுத்திருந்தோம். ஜெயில் கம்பிக்கும் அதே பைப்புதான். கைதிகளைப் பார்த்து, "அவுருங்கடி கொண்டைய, நாய்களா!" என்று கத்த வேண்டும். கேட்டக்கா, "கொண்டைய அவுருங்கம்மா, நேரமாச்சு" என்பாள்.

"கத்துக்கா" என்பேன்.

"நான் என்னைக்குடி கத்தியிருக்கேன்? கத்தாமலே அவுக்கத்தானே செஞ்சீக?"

கைதிகளின் தலைவியான பேச்சியைப் பைப்பால் அடிக்க வேண்டிய இடத்தில், புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு, "வலிச்சிருச்சா பேச்சி?" என்று கேட்பாள். பேச்சி முறைப்பாள். அந்த முறைப்பு மட்டும் ஒத்திகைக்கு ஒத்திகை அருமையாக வந்தது.

ஆயுத பூஜை அன்று மத்தியானமே நாடகம். சாயங்காலம் மலைக்குப் போகிற ஜீப்புகள் கிளம்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். களத்தில் லாரித் தார்ப்பாயைத் திரையாகக் கட்டினோம். முன்வரிசையில் சட்டையில் கொடி குத்திக்கொண்டு முதலாளி. அவருக்குப் பின்னால் எங்கள் புருஷன்மார், பிள்ளைகள். ஓரமாக, வேஷம் இல்லாத மற்ற முப்பது பெண்கள். நான் தார்ப்பாய்க்குப் பின்னால் செல்போனில் வசனத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் பாதி நன்றாகவே போனது. சோற்றில் புழுவுக்காகப் போட்ட சேமியா நன்றாக நெளிந்தது. சாகக் கிடக்கும் கைதி மும்தாஜ். விடியற்காலையில் எழுந்து பிரியாணி கிண்டிவிட்டு வந்த அலுப்பில் படுத்ததும் நிஜமாகவே தூங்கிவிட்டாள். அவள் விட்ட குறட்டையைச் சனம் மூச்சிரைப்பு என்று நினைத்துப் பரிதாபப்பட்டது. கக்கூஸ் சாவிக்காகக் கைதிகள் கெஞ்சுகிற காட்சியில் முதலாளி ஒருமுறை நெளிந்து உட்கார்ந்தார். "வெள்ளக்காரன் இன்னும் வரலியே" என்று பக்கத்தில் கேட்டாராம்.

அடுத்து பெரிய காட்சி. ஜெயில் மணி அடிக்கும். வார்டர் வந்து கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். "நோயாளிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வரைக்கும் ஒருத்தி கொண்டையும் அவுறாது" என்று பேச்சி சொல்ல, எல்லோரும் கையைக் கட்டி நிற்க வேண்டும். ஜெயில் மணிக்கு வேறு மணி கிடைக்கவில்லை. ஸ்டோரில் சாயங்காலம் அடிக்கிற தண்டவாளத் துண்டையே கழற்றி வந்து தார்ப்பாய்க்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். ஒத்திகையில் அதை அடித்ததே இல்லை. வாயால்தான் டங் டங் என்று சொன்னேன்.

இப்போது நிஜமாக அடித்தேன்.

கைதிகள் எட்டுப் பேரும் எழுந்தார்கள், முந்தானையை உதறினார்கள், கொண்டையை அவிழ்த்தார்கள், தலையைக் குனிந்து முடியை உதறினார்கள். புரட்சித் தலைவி பேச்சிதான் முதல் ஆள். சாகக் கிடந்த மும்தாஜ் மணிச்சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து, தூக்கக் கலக்கத்திலேயே முடியை விரித்து உதறினாள். நான் தார்ப்பாயை விலக்கி, "கட்டுங்கடி, கட்டுங்கடி" என்று கத்துகிறேன், யாருக்கும் கேட்கவில்லை. களத்தில் ஒரே சிரிப்பு. அப்புறம் அந்தச் சிரிப்பு ஓரத்தில் இருந்து அடங்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால், வேடிக்கை பார்க்க வந்த அந்த முப்பது பெண்களும் உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்று, கொண்டையை அவிழ்த்து, தலையைக் குனிந்து நிற்கிறார்கள். அவர்கள் மடியில் இருந்த பிள்ளைகள் கீழே இறங்கி நின்று அம்மாக்களை அண்ணாந்து பார்க்கின்றன. தினமும் சாயங்காலம் நாங்கள் என்ன செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம் என்று எங்கள் வீட்டு ஆட்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குக் கன்னமெல்லாம் எரிந்தது.

மேடையில் கேட்டக்கா பைப்போடு நின்றாள். அவிழ்க்க மாட்டோம் என்பவர்களை அடிப்பதற்குத்தான் அவளிடம் வசனம் இருந்தது, இதற்கு இல்லை. என்னைப் பார்த்தாள். என் செல்போனிலும் இல்லை. பைப்பைக் கீழே ஊன்றிக்கொண்டாள்.

"யாருடி அவுக்கச் சொன்னது?" என்றாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே."

ஓரத்தில் நின்ற பிள்ளைகள் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினாள்.

"கட்டுங்க. பிள்ளைக பாக்குதுக."

மேடையிலும் களத்திலும் அவிழ்த்தவர்கள் கொண்டையைக் கட்டினார்கள். அவள் எல்லோரும் கட்டி முடிக்கிற வரை பொறுமையாக நின்றாள். மும்தாஜுக்கு ஊசி விழுந்துவிட்டது, குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இப்பச் சொல்றேன். அவுருங்க."

"மாட்டோம்" என்றாள் பேச்சி. மேடையில் எட்டுப் பேர் சொன்னார்கள். ஓரத்தில் முப்பது பேர் சொன்னார்கள்.

அடுத்து அவள் பேச்சியை அடிக்க வேண்டும். பைப்பைத் தூக்கினாள், பார்த்தாள், இறக்கினாள். "சரி" என்றாள்.

வார்டர் "சரி" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நாடகம் ஏது? நான் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். முதலாளி கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த அன்று சாயங்காலம் மணி அடித்தது. என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை. வரிசையில் நின்றோம். எல்லோருடைய கையும் பழக்கத்தில் பாதி தூரம் தலைக்குப் போய், நடுவில் நின்று, கீழே இறங்கியது. பேச்சி கையைக் கட்டினாள். நாங்களும் கட்டினோம். முதலாளி அன்றைக்கு ஆபீசை விட்டு வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"சோதனையப் போடும்மா" என்றார் கேட்டக்காவிடம்.

"கொண்டைய அவுருங்கடி" என்றாள் அவள்.

"மாட்டோம்."

அவள் திரும்பி, "மாட்டாகளாம் முதலாளி" என்றாள், ஏதோ அடுத்த ஊரில் இருந்து வந்த சேதியைச் சொல்கிற மாதிரி.

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். நாங்களும் சொன்னோம். "இன்னொருக்காவும் மாட்டாகளாம்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அப்ப நீ எதுக்கும்மா இங்க உக்காந்திருக்க? அவுத்துப் பாக்கத்தான உனக்குச் சம்பளம்? இன்னைக்கு அவுக்கல, நாளைல இருந்து உனக்கு இங்க சோலி கெடையாது."

எங்களுக்காவது நாற்பது பேர் என்ற பலம் இருந்தது. நாற்பது பேரையும் நிறுத்திவிட்டால் அவர் மூட்டையை யார் பிரிப்பது? அவள் ஒற்றை ஆள். அந்த ஸ்டூலை விட்டால் அவளுக்கு வேறு சோறு இல்லை. அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். பேச்சியின் கொண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பேச்சியைத் தாண்டிப் போய் வரிசையின் கடைசியில், சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். கையைக் கட்டத் தெரியாமல் கட்டினாள்.

பேச்சி திரும்பிப் பார்த்தாள். "அங்க ஏன் சுவத்தோட நிக்கிறீக? இங்க வாங்கக்கா. தள்ளுங்கடி, எடம் விடுங்க" என்றாள். நாங்கள் தள்ளினோம். பேச்சிக்கும் மும்தாஜுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஓகோ" என்றார் முதலாளி. "நாடகம் இன்னும் முடியலியா? சாவியக் குடுத்துட்டு அங்கயே நின்னுக்க."

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். கேட்டுப் பூட்டின் சாவி எப்போதும் அவள் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கும். கயிறு இருந்தது. சாவி இல்லை.

"சாவி எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்கு" என்றாள் கேட்டக்கா. "தேடி எடுத்துக்கங்க முதலாளி."

குரலில் எகத்தாளம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தின் நடைமுறை எதுவோ அதைத்தான் சொன்னாள். முதலாளி ஒரு அடி முன்னால் வைத்தார். அவளைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். எங்கே தொடங்குவது? கம்பிக் கேட்டுக்கு வெளியே புரோட்டாக் கடை டீ கிளாசோடு ரோட்டைத் தாண்டி வந்து நின்றது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். முதலாளி வைத்த அடியைப் பின்னால் எடுத்தார். கேட்டு பூட்டிக் கிடந்தது, அவருடைய கார் உள்ளே நின்றது, அவரும் உள்ளே, நாங்களும் உள்ளே. அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டம்மாவாக இருக்க வேண்டும், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பிறகு போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"கொண்டைய அவுக்க மாட்டோம்" என்றாள் பேச்சி. "வாளியப் பாத்துக்கங்க. சேலைய உதறிக் காட்டுறோம். முடியத் தொடக் கூடாது."

"சரி."

"நாளைக்கும்?"

"நாளைக்கும்தான்மா."

"அக்காவுக்குச் சோலி?"

அவர் கேட்டக்காவைப் பார்த்தார். "கேட்டுக்கு வேணாம். வேணும்னா உள்ள வந்து காய் பொறுக்கச் சொல்லு" என்றார். "இப்பக் கதவத் தொறங்க, நான் போகணும்."

கேட்டக்கா வரிசையில் இருந்து வெளியே வந்து கேட்டுக்கு நேராக நின்றாள். எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் எங்கள் எல்லோருடைய முடியும் அவிழ்ந்திருக்கிறது. அவளுடையதை நாங்கள் ஒருத்தியும் பார்த்ததில்லை. அவளைத் தேட அங்கே யாரும் இருந்ததில்லை. இரண்டு கையையும் தூக்கி, ஊசியை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, கொண்டையை அவிழ்த்தாள். பாதிக்கு மேல் நரைத்த முடி முதுகு முழுக்க இறங்கியது. ரோட்டில் நின்ற ஆட்கள் பார்க்க, முதலாளி பார்க்க, நாங்கள் நாற்பது பேரும் பார்க்க, தலையைக் குனிந்து உதறினாள். சாவி சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

அவள் அதை எடுக்கவில்லை. முதலாளிதான் குனிந்து எடுத்துத் திறந்தார்.

முதலில் அவளைப் போகச் சொன்னோம். "நீங்க போங்கடி" என்று சொல்லிக்கொண்டே முடியை முடிந்துகொண்டாள். பேச்சி அவள் வாயில் இருந்த ஊசிகளை வாங்கிக் கொண்டையில் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டாள். பிறகு எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தோம். அவள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களுக்கு நடுவில்தான் நடந்து வந்தாள்.